பழைய பாட்டுக்குச் சொந்தக்காரர் யார்? டேக் தட் குழுவின் இரண்டாம் வருகை

1996 மார்ச்சில் ஆர்சிஏ இசைத்தட்டு நிறுவனம் பிரிட்டனின் டேக் தட் பாடகர் குழுவின் ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ ஆல்பத்தை வெளியிட்டது. குழு கலைகிறது என்று அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அந்தக் குறுந்தகட்டின் பாடல் வரிசை விசித்திரமானது, பின்னாலிருந்து முன்னால் போகும். விடைபெறும்போது பாடிய ‘ஹவ் டீப் இஸ் யுவர் லவ்’ முதலில் வரும். அடுத்து 1995-இன் பாட்டுகள், அதற்கடுத்து 1994, 1993. ஏறக்குறைய கடைசியில், 1991-இல் யாரும் சீந்தாமல் போன முதல் சிங்கிள் ‘டூ வாட் யூ லைக்’. மேலிருந்து படியிறங்கி, ஐந்து பையன்கள் அறிமுகமே இல்லாமல் நின்ற இடத்துக்குக் கேட்பவரைக் கொண்டுபோய் விடும் வரிசை அது.

2005 நவம்பர் 14 அன்று இன்னொரு தொகுப்பு வந்தது. பெயர் ‘நெவர் ஃபர்கெட்: தி அல்டிமேட் கலெக்‌ஷன்’. ஏறக்குறைய அதே பாட்டுகள், அதே ஒலிப்பதிவுகள், அதே நிறுவனத்தின் கிடங்கிலிருந்து எடுத்தவை. புதிதாகச் சேர்ந்தவை சொற்பம்: முன்பு வெளிவராமல் கிடந்த ‘டுடே ஐவ் லாஸ்ட் யூ’ என்ற பாட்டு, ‘ப்ரே’ பாட்டின் மேடைப் பதிவு, இப்படி ஒன்றிரண்டு. முதல் தொகுப்பு கணக்கை முடித்து வைத்தது. இரண்டாவது தொகுப்போ, ஆறு மாதத்துக்குள் அந்த ஐவரில் நான்கு பேரை, முப்பதைக் கடந்த வயதில், நிரம்பி வழியும் அரங்குகளில் கொண்டுபோய் நிறுத்தியது. சரக்கு ஒன்றேதான். பத்து ஆண்டு இடைவெளியில் அதற்கு இரண்டு விதமான பலன் எப்படிக் கிடைத்தது?

கைவசம் இருக்கும் பதில், பழைய ஏக்கம். மலரும் நினைவுகள் என்று பத்திரிகைகள் எழுதிவிட்டு நகர்ந்துவிடும். அது பாதி உண்மை. ஏக்கம் எல்லாக் குழுக்களுக்கும் இருக்கிறது. அவற்றில் பல மீண்டும் கூடி, ஒரு சீசன் ஊர் ஊராகப் பாடிவிட்டுக் காணாமல் போயின. டேக் தட் விஷயத்தில் வேறொன்று நடந்தது. பழைய பதிவுகள் இசைத்தட்டுக் கம்பெனியின் சொத்து. ஆனால் மேடையில் நின்று பாட வேண்டிய உடம்பும் குரலும் அந்த நால்வருடையவை. தங்கள் கையில் எது இருக்கிறது, எது இல்லை என்பதை 2005-க்கும் 2006-க்கும் இடையில் அவர்கள் சரியாகக் கணக்குப் போட்டார்கள் என்றே நான் நினைக்கிறேன். தொகுப்பு ஆல்பத்தைத் தங்கள் மறுவருகைக்கு விளம்பரமாக்கிக்கொண்டார்கள். விளம்பரச் செலவு பழைய முதலாளியுடையது.

இதைப் புரிந்துகொள்ளக் குழு உருவான விதத்திலிருந்து தொடங்க வேண்டும்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து வந்த நியூ கிட்ஸ் ஆன் த பிளாக் குழு 1980-களின் இறுதியில் பதின்பருவப் பெண்களிடையே கிளப்பிய அலையைப் பார்த்து, மான்செஸ்டரில் நடிகர்களுக்கும் மாடல்களுக்கும் வாய்ப்புத் தேடித் தரும் ஏஜென்சி நடத்திவந்த நைஜல் மார்ட்டின்-ஸ்மித், அதற்கு ஒரு பிரிட்டிஷ் பதிலைத் தயாரிக்க நினைத்தார். 1990-இல் ஆள் சேர்த்தார். கையில் கிடைத்த முதல் மூலதனம் கேரி பார்லோ. செஷயரின் ஃப்ரோட்ஷம் ஊர்க்காரர்; பதின்பருவத்திலேயே வட இங்கிலாந்தின் தொழிலாளர் கிளப்புகளில் கீபோர்டு வாசித்துப் பாடிச் சம்பாதித்தவர். ‘எ மில்லியன் லவ் சாங்ஸ்’ பாட்டைப் பதினைந்து வயதில் எழுதியிருந்தார். மற்றவர்கள் இவரைச் சுற்றி வந்து சேர்ந்தவர்கள். ஹாவர்ட் டொனால்ட் வாகனங்களுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலையில் இருந்தவர். ஜேசன் ஆரஞ்சும் பெயின்டர்தான், வீடுகளுக்கு. இருவரும் பிரேக் டான்ஸ் ஆடுவதில் பேர் வாங்கியிருந்தார்கள். மார்க் ஓவன் ஓல்டமைச் சேர்ந்தவர், வங்கியில் வேலை பார்த்தார். ஸ்டோக்-ஆன்-ட்ரென்டிலிருந்து வந்த ராபி வில்லியம்ஸுக்கு வயது 16.

சேர்மானம் பார்வைக்குச் சமமாகத் தெரியும். உள்ளே அப்படி இல்லை. பார்லோ பாட்டு எழுதுபவர், அதனால் எழுத்துரிமைப் பணம் அவருக்கு. மற்ற நால்வருக்குப் பாடிய கூலி, ஆடிய கூலி. மேற்கத்திய இசைத்தொழிலில் ஒரு பாட்டுக்கு இரண்டு சொத்துரிமைகள் உண்டு. ராகமும் வரிகளும் எழுதியவருடையவை. ஒலிப்பதிவு, அதாவது மாஸ்டர், வழக்கமாகக் கம்பெனியுடையது. வானொலியில் பாட்டு ஒலிக்கும் ஒவ்வொரு முறையும் எழுதியவருக்குக் காசு வரும். பின்னால் நின்று ஒத்துப் பாடியவருக்கு அந்த வரும்படி இல்லை. பத்து வருடம் கழித்துக் குழு மறுபடி கூடியபோது அவர்கள் முதலில் தீர்க்கவேண்டியிருந்த சிக்கல் இதுதான்.

தொடக்கம் படுமோசம். சொந்த முயற்சியில் வெளியிட்ட ‘டூ வாட் யூ லைக்’ பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 82-ஆம் இடத்தோடு நின்றது. அதன் வீடியோவில் ஐவரும் ஜெல்லியைப் பூசிக்கொண்டு வெற்றுடம்போடு புரண்டார்கள். இன்று பார்த்தாலும் கூச்சமாக இருக்கும், அன்றும் அப்படித்தான் இருந்திருக்கும். ஆர்சிஏ ஒப்பந்தம் கிடைத்த பிறகு வந்த இரண்டு சிங்கிள்களும் முதல் முப்பதுக்குள் நுழையவில்லை. ஒரு நாளுக்குள்ளேயே பள்ளிக்கூடம், பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான டிஸ்கோ, தன்பால் ஈர்ப்பாளர் கிளப் என்று மாறிமாறி ஆடிய காலம் அது. பார்வையாளர்களை ஒவ்வொருவராகச் சேர்த்தார்கள் என்று சொல்லலாம். 1992 கோடையில் ‘இட் ஒன்லி டேக்ஸ் எ மினிட்’ ஏழாம் இடம் பிடித்தது. 1993 ஜூலையில் ‘ப்ரே’ முதலிடம். அதன்பின் ஏறக்குறைய தொட்டதெல்லாம் முதலிடம். 1995-இல் வந்த ‘பேக் ஃபார் குட்’ அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலிலும் ஏழாம் இடம் வரை போனது. அந்நாட்டில் அவர்களுக்கு வாய்த்த பெரிய வெற்றி அது ஒன்றுதான்.

ரசிகைகள் தங்களுக்கே சொந்தம் என்று நினைத்துக்கொள்ள இடம் கொடுக்க வேண்டும் என்பதால், காதலியோடு வெளியில் தலைகாட்டக்கூடாது என்பது மேனேஜர் வகுத்த விதிகளில் ஒன்று. பேட்டியில் என்ன பேசலாம், யார் எங்கே நிற்கலாம் என்பதெல்லாம் மேலிருந்து வந்தது. இளையவரான ராபிக்குத்தான் இது முதலில் ஒத்துவரவில்லை. 1995 ஜூனில் கிளாஸ்டன்பரி இசைவிழாவில் ஓயஸிஸ் குழுவினரோடு சேர்ந்து சுற்றியது பத்திரிகைகளில் படத்தோடு வந்தது. அடுத்த மாதம் குழுவை விட்டுப் போனார். அவர் குரலும் சேர்ந்து பதிவான ‘நெவர் ஃபர்கெட்’ சிங்கிள் ஜூலை இறுதியில் வெளியானபோது குழுவில் நான்கு பேர்தான். புகழ் நிலைக்காது, வந்த வழியை மறக்காதே என்று பேசும் பாட்டு அது. எழுதியவர் பார்லோ, முன்னணியில் பாடியவர் ஹாவர்ட். அதுவரை பெரும்பாலும் பின்வரிசையில் ஆடிக்கொண்டிருந்த ஆள்.

1996 பிப்ரவரி 13 அன்று மான்செஸ்டரில் பத்திரிகையாளர்களைக் கூட்டிக் குழு கலைவதை அறிவித்தார்கள். தற்செயலோ என்னவோ, அன்று ராபியின் பிறந்த நாள். மனமுடைந்த சிறுமிகள் பேசி ஆறுதல் தேடத் தொலைபேசி உதவி எண்கள் திறக்கப்பட்டன. இந்தத் தகவலை இன்றுவரை வேடிக்கைச் செய்தியாகவே எழுதுகிறார்கள். எனக்கு அதில் வேடிக்கை தெரியவில்லை. கால்பந்து அணி தோற்றதற்காக நடுத்தெருவில் அழும் ஆண்களைப் பற்றி அதே பத்திரிகைகள் எழுதும் தொனி வேறு. பதின்மூன்று வயதுப் பெண்ணின் ரசனை மட்டும் நோயாகப் பார்க்கப்பட்டது. இந்த இளப்பத்தின் காரணமாகவே, அந்தப் பெண்கள் வளர்ந்து என்ன ஆவார்கள் என்று இசைத்தொழிலில் யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

கலைந்த பிறகு எல்லோரும் எதிர்பார்த்தது, பார்லோ மேலே போவார், ராபி காணாமல் போவார் என்பது. தொடக்கம் அப்படித்தான் இருந்தது. பார்லோவின் முதல் தனி சிங்கிளும் 1997-இல் வந்த ‘ஓபன் ரோடு’ ஆல்பமும் முதலிடம் பிடித்தன. அதே ஆண்டு இறுதியில் ராபியின் ‘ஏஞ்சல்ஸ்’ வந்து எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. 1999-இல் பார்லோவின் இரண்டாவது ஆல்பம் விழுந்தது, கம்பெனி கைவிட்டது. மற்றவர்களுக்குப் பாட்டு எழுதித் தரும் வேலைக்கு ஒதுங்கினார். மார்க் ஓவனின் தனி முயற்சிகள் மெதுவாக ஓய்ந்தன. 2002-இல் தொலைக்காட்சியில் பிரபலங்களுக்கான ‘பிக் பிரதர்’ வீட்டுக்குள் போய் ஜெயித்துவிட்டு வந்தார். ஹாவர்ட் டிஜே ஆனார். ஜேசன் கொஞ்சம் நடித்தார், பிறகு படிக்கப் போனார். 2003 ஆகஸ்டில் நெப்வொர்த் திடலில் மூன்று இரவுகளில் 3,75,000 பேருக்கு முன்னால் ராபி பாடியபோது, பழைய குழுவின் பெயர் அவருடைய வாழ்க்கைக் குறிப்பில் ஒரு அடிக்குறிப்பாகச் சுருங்கியிருந்தது.

இந்த இடத்தில்தான் பழைய பதிவுகளின் சொந்தக்காரர் கதைக்குள் வருகிறார்.

தொகுப்பு ஆல்பம் என்பது கம்பெனிக்கு மிகவும் பிடித்த சரக்கு. ஸ்டுடியோ வாடகை இல்லை, தயாரிப்பாளருக்கு முன்பணம் இல்லை, பாடகருடைய மனநிலை சரியாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை. உறை அச்சடிக்கவும் தொலைக்காட்சியில் விளம்பரம் போடவும்தான் செலவு. மேற்கில் இப்படிப்பட்ட ஆல்பங்கள் நவம்பரில் குவிவதற்குக் காரணம் கிறிஸ்துமஸ் பரிசுச் சந்தை. இசைக் கடைக்கு ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் போகிறவர், பெயர் தெரிந்த பாட்டாகப் பார்த்துத்தான் வாங்குவார். 2005-இல் இந்தக் கணக்குக்கு இன்னொரு அவசரமும் சேர்ந்திருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஜூனில்தான் ஆப்பிளின் ஐட்யூன்ஸ் கடை பிரிட்டனில் திறந்திருந்தது. பிடித்த ஒரு பாட்டை மட்டும் தனியாக வாங்கலாம் என்று ஆனபின் பதினெட்டுப் பாட்டு அடங்கிய தகட்டை இன்னும் எத்தனை நாள் விற்க முடியும்? கிடங்கில் இருப்பதை விற்றுத் தீர்க்க அதுதான் கடைசித் தருணம்.

இந்த வியாபாரத்துக்கு ஒரு முன்னோடி உண்டு. 1960-களில் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடருக்காகவே ஆள் எடுத்துச் சேர்த்த குழு மங்கீஸ். பாய் பேண்ட் என்ற சொல் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே அந்த வார்ப்பில் பிறந்தவர்கள். 1986-இல் எம்டிவி பழைய தொடரைத் திரும்ப ஒளிபரப்பியது. உடனே ஒரு தொகுப்பு ஆல்பம், அதில் ஒட்டவைத்த சில புதிய பாட்டுகள், இருபதாம் ஆண்டுச் சுற்றுப்பயணம். தொலைக்காட்சி நினைவூட்டும், தொகுப்பு விற்கும், டூர் நிரம்பும். ஆனால் புதிய பாட்டுகளின் பதிவில் டேவி ஜோன்ஸ் கலந்துகொள்ளவில்லை. ஆளே இல்லாமல் ஆல்பத்தைப் போட முடிந்தது. மங்கீஸின் அந்த மறுவருகை அவர்களை மீண்டும் வாழும் குழுவாக்கவில்லை. பெரும்பாலும் பழைய பாட்டைத் திரும்பப் பாடும் குழுவாகவே நீடித்தார்கள். டேக் தட்டின் முன்னாலும் திறந்திருந்தது இதே பாதைதான்.

2005 நவம்பரின் நாட்களை அடுக்கிப் பார்த்தால் வேகம் தெரியும். 14-ஆம் தேதி தொகுப்பு ஆல்பம். 16-ஆம் தேதி ஐடிவியில் ‘டேக் தட்: ஃபார் த ரெக்கார்ட்’ என்ற ஆவணப்படம். 25-ஆம் தேதி பத்திரிகையாளர் சந்திப்பில் அடுத்த ஆண்டுச் சுற்றுப்பயண அறிவிப்பு. ஆல்பம் இரண்டாம் இடம்வரை போனது. ஆனால் பெரிய காரியத்தைச் செய்தது ஆவணப்படம் என்பது என் எண்ணம். பணப் பிரச்சினை, பொறாமை, மேனேஜரின் பிடி, ராபியின் வெளியேற்றம் ஆகியவை பற்றி நால்வரும் வெளிப்படையாகப் பேசினார்கள். ராபியும் கேமரா முன்னால் பேசினார். ஆனால் மற்ற நால்வரோடு வந்து உட்காரவில்லை. தோற்றுப்போனதை மறைக்காமல் பார்லோ பேசிய விதம் அவருடைய பழைய ரசிகைகளுக்கு மட்டுமன்றி, அவரைப் பத்து வருடமாகக் கிண்டல் செய்துவந்தவர்களுக்கும் அவரைப் பிடிக்கச் செய்தது. கட்டுப்பாட்டில் வளர்ந்த பையன்களுக்கு முதல்முறையாக ஆளுக்கொரு சொந்தக் குரல் கிடைத்திருந்தது.

‘அல்டிமேட் டூர்’ 2006 ஏப்ரல் 23 அன்று நியூகாசிலில் தொடங்கியது. முதலில் அறிவித்த அரங்குகள் போதாமல் விளையாட்டு மைதானங்களும் சேர்ந்தன.

அந்த மேடையில் ஒரு சிக்கல் இருந்தது. ‘குட் இட் பி மேஜிக்’ பேரி மேனிலோவின் பாட்டு. 1993-இல் சிறந்த பிரிட்டிஷ் சிங்கிளுக்கான பிரிட் விருது வாங்கித் தந்தது. அதை முன்னின்று பாடியவர் ராபி. அவர் இல்லை. பாட்டை விட்டுவிடவும் முடியாது, வேறொருவர் பாடினால் கூட்டம் ஒப்புக்கொள்ளுமா என்ற தயக்கம். முன்கூட்டியே படமெடுத்த ராபியின் உருவத்தை ஹாலோகிராமாக மேடையில் எழுப்பித் தொடக்க வரிகளைப் பாடவைத்தார்கள். ஒளியால் ஆன ஓர் ஆள் பாட, அரங்கம் கத்தித் தீர்க்க, பிறகு ரத்தமும் சதையுமான நால்வர் பாட்டை வாங்கிக்கொள்வார்கள். சந்தேகமில்லாமல் இது ஒரு வித்தை. ஆனால் வராதவர் வரவில்லை என்பதை அரங்கத்தின் முகத்துக்கு நேரே ஒப்புக்கொள்ளும் வித்தை. வராதவரைப் பற்றிப் பேசாமல் விடுவதுதான் மறுவருகைக் குழுக்களின் வழக்கம்.

இன்னொரு காட்சி ‘நெவர் ஃபர்கெட்’ பாட்டின்போது நடப்பது. பல்லவி வந்ததும் கூட்டம் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கித் தாளத்துக்குத் தட்டும், தட்டியபின் கைகளை அகல விரிக்கும், மறுபடி தட்டும். 1995-இன் பழக்கம் இது. சொல்லிக் கொடுக்க ஆள் தேவைப்படவில்லை. அரங்கத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் இருபத்தைந்தைக் கடந்த பெண்கள். 1993-இல் பதின்மூன்று வயதில் அப்பாவிடம் கெஞ்சி டிக்கெட் வாங்கியவளுக்கு 2006-இல் 26 வயது. கையில் சொந்தச் சம்பளம். தோழிகளைக் கூட்டிக்கொண்டு, ஹோட்டல் அறை போட்டு, தலையில் மின்னும் கொம்புப் பட்டையோடு வந்தார்கள். பாடலைப் பாடிக்கொண்டிருந்தவர் பழைய பின்வரிசைக்காரர் ஹாவர்ட். பத்து வருடம் முன்பு எழுதும்போது அந்தப் பாட்டு கொஞ்சம் முந்திரிக்கொட்டைத்தனமாக இருந்தது. இருபத்து நான்கு வயதுப் பையன் புகழின் நிலையாமையைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும்? பார்லோவுக்கு நடந்ததெல்லாம் நடந்து முடிந்தபின் அந்த வரிகளுக்குப் பொருள் வந்து சேர்ந்திருந்தது. பதிவு மாறவில்லை, பாடுகிறவர்களும் கேட்கிறவர்களும் மாறியிருந்தார்கள்.

இதுவரை நடந்தது எந்தக் குழுவுக்கும் நடக்கக்கூடியது. 2006 மே மாதம் நடந்ததுதான் வேறு. டூர் நடந்துகொண்டிருக்கும்போதே, புதிய பாட்டுகளுக்கான ஒப்பந்தத்தை பாலிடோருடன் செய்துகொண்டதாக அறிவித்தார்கள். பாலிடோர் யூனிவர்சல் குழுமத்தைச் சேர்ந்தது. பழைய பதிவுகளோ ஆர்சிஏ வழியாக சோனி பிஎம்ஜி கையில். அதாவது, தொகுப்பு ஆல்பத்துக்கு உறை அச்சடித்து விளம்பரம் செய்து நாட்டுக்கு இந்த நால்வரை நினைவூட்டிய நிறுவனத்துக்கு அடுத்த அத்தியாயத்தில் பங்கில்லை. பழைய பாட்டை அது தாராளமாக விற்றுக்கொள்ளலாம். புதுப்பாட்டு எதிர்க்கடையில் கிடைக்கும். மார்ட்டின்-ஸ்மித்தும் இந்த முறை மேனேஜர் இல்லை.

உள் ஏற்பாடும் மாறியது. 2006 நவம்பரில் வந்த ‘பியூட்டிஃபுல் வேர்ல்ட்’ ஆல்பத்தின் பாட்டுகளுக்கு எழுத்துரிமையை நால்வர் பெயரிலும், உடன் எழுதிய வெளியாட்கள் இருந்தால் அவர்கள் பெயரிலும் பதிந்தார்கள். யார் எத்தனை வரி எழுதினார் என்று அளந்து பார்க்கும் வேலையைக் கைவிட்டார்கள். கணக்கு சமமானதும் குரலும் பரவலாகியது. முதல் சிங்கிள் ‘பேஷன்ஸ்’ பார்லோ பாடியது. நான்கு வாரம் முதலிடத்தில் நின்று அடுத்த ஆண்டு பிரிட் விருதும் வாங்கியது. அடுத்து வந்த ‘ஷைன்’ மார்க் ஓவன் பாடியது. அதுவும் முதலிடம், அதுவும் பிரிட் விருது. குழுவின் முதல் ஐந்து ஆண்டுகளில் வாயசைத்து ஆடிய ஆளாகவே அறியப்பட்ட ஜேசன் ஆரஞ்ச், ‘வுடன் போட்’ என்ற பாட்டை முன்னின்று பாடினார். பெரிய குரல் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஆல்பத்தின் உட்பொருளை நிறுவுகிற பாட்டு அது.

பழைய கோஷ்டிகள் மறுபடி கூடும்போது பெரும்பாலும் உடைவது இந்த இடத்தில்தான். டிக்கெட் விற்பனையில் சண்டை வராது, அதைப் பங்கு போடுவது எளிது. பாட்டு எழுதியவருக்கு மட்டும் ஆண்டு முழுக்கக் காசு வந்துகொண்டிருக்க, பக்கத்தில் நிற்பவர் அடுத்த டூர் எப்போது என்று காத்திருந்தால், அந்தக் குழு இரண்டு சீசன் தாங்காது. தன் தொழிலின் பெரும் ஆதாயத்தை மூன்று பேரோடு பகிர பார்லோ சம்மதித்தது நல்ல மனசினாலா, தனியாகப் பட்ட அடியினாலா என்று பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. இரண்டும் இருந்திருக்கும்.

அயர்லாந்தின் பாய்சோன் குழுவை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1993-இல் டப்ளினில் லூயிஸ் வால்ஷ் சேர்த்த குழு; சொல்லப்போனால் டேக் தட்டின் ஐரிஷ் பிரதி. 2000-இல் பிரிந்தார்கள். 2007 நவம்பரில் பிபிசியின் நிதிதிரட்டும் நிகழ்ச்சியில் மீண்டும் கூடி, 2008 மே மாதம் டூர் கிளம்பி, அக்டோபரில் ‘பேக் அகெய்ன்... நோ மேட்டர் வாட்’ என்ற தொகுப்பைப் போட்டார்கள். புதிய பாட்டுகளைத் தொகுப்புக்கு உள்ளேயே வைத்தார்கள். பழைய சரக்கோடு புதுசைக் கட்டிக்கொடுத்தால் புதுசு தன் காலில் நிற்கிறதா என்று தெரியாமலே போய்விடும். ஆனாலும் அந்தத் தொகுப்பில் எனக்கு முக்கியமாகப் படும் ஒன்று உண்டு. குழுவின் உறுப்பினர் ஸ்டீஃபன் கேட்லி, தான் தன்பால் ஈர்ப்பாளர் என்பதை 1999-இல் ‘சன்’ பத்திரிகையில் சொல்ல நேர்ந்தது. அவராக விரும்பித் தேர்ந்த நேரம் அது இல்லை. விஷயம் வெளியே கசியப் போகிறது என்ற நெருக்கடி. 2008-இல் அந்தத் தொகுப்பிலிருந்த ‘பெட்டர்’ பாட்டின் வீடியோவில் மற்ற உறுப்பினர்கள் பெண்களோடு ஜோடியாக வர, கேட்லி ஓர் ஆணோடு ஜோடியாக வந்தார். முதல் சுற்றில் இதை எந்த மேனேஜரும் அனுமதித்திருக்க மாட்டார். 2009 அக்டோபரில் மயோர்காவில் கேட்லி 33 வயதில் திடீரென இறந்தார். அவர் முன்பே பதிந்து வைத்திருந்த குரலோடு அடுத்த ஆல்பம் 2010-இல் வந்து முதலிடம் பிடித்தது.

டேக் தட் கதையின் மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2009-இன் ‘சர்க்கஸ்’ டூருக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். 2010-இல் ராபி திரும்பினார். நவம்பரில் ஐவர் சேர்ந்து போட்ட ‘ப்ராக்ரஸ்’ முதல் வாரத்திலேயே ஐந்து லட்சத்தைத் தாண்டியது. அதுவரை பிரிட்டனில் அதைவிட வேகமாக விற்றது ஓயஸிஸின் ‘பி ஹியர் நவ்’ ஆல்பம் மட்டும்தான். ராபியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு போன அதே ஓயஸிஸ். 2011-இல் வெம்ப்ளி மைதானத்தில் எட்டு இரவுகள். ராபி எந்த நிபந்தனையில் வந்தார் என்பதைவிட எந்த வரிசையில் வந்தார் என்பது முக்கியம். 2005-இலேயே அவர் வந்திருந்தால் அது ராபி வில்லியம்ஸின் பெருந்தன்மையாகப் போயிருக்கும். நால்வரும் அவரில்லாமல் ஐந்து ஆண்டு நின்று காட்டிய பிறகு வந்ததால், சமமான இடத்துக்கு வந்தார். நிகழ்ச்சியும் அதை ஒளிக்கவில்லை: நால்வரின் பகுதி ஒன்று, ராபி தனியாகப் பாடும் பகுதி ஒன்று, ஐவரும் சேர்ந்த பகுதி ஒன்று என்று நடந்தது.

பிறகு ராபி தன் வழியே போய்விட்டார். 2014 செப்டம்பரில் ஜேசன் ஆரஞ்ச் விலகினார். சண்டையில்லை, வேறு குழு இல்லை, தனி ஆல்பம் இல்லை. இனி இதைச் செய்ய விருப்பமில்லை, அவ்வளவுதான். மற்ற மூவர் தொடர்கிறார்கள். 2018-இல் ‘ஒடிஸி’ என்ற பெயரில் மூன்றாவது தொகுப்பு வந்தது. பழைய பதிவுகளை அப்படியே அடுக்காமல், தயாரிப்பாளர் ஸ்டூவர்ட் பிரைஸைக் கொண்டு பாட்டுகளைப் புதிதாக வடிவமைத்தார்கள். காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஸ்ட்ரீமிங் வந்தபின் பழைய பாட்டுகளை வெறுமனே தொகுத்துக் கொடுக்கக் கம்பெனி தேவையில்லை. ஸ்பாட்டிஃபையில் யார் வேண்டுமானாலும் இரண்டு நிமிடத்தில் ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளலாம், தலைகீழ் வரிசையிலும்கூட. தொகுப்பு என்று ஒன்றை விற்கவேண்டுமானால் அதற்குள் யாராவது புதிதாக வேலை செய்திருக்க வேண்டும். அந்தத் தொகுப்பையொட்டி 2019-இல் நடந்த டூரில் மூவர்தான் பாடினார்கள். குழுவின் முதல் ஐந்து ஆண்டுகளின் பதிவுகள் இன்று சோனியின் ஆவணக் கிடங்கில் பத்திரமாக இருக்கின்றன. ஜேசன் ஆரஞ்சை அங்கே எப்போது வேண்டுமானாலும் எடுத்து விற்கலாம். மேடைக்கு வரச்சொல்லும் உரிமை அந்தக் கிடங்கில் இல்லை.